பெயர் சொல்லி அடித்த சுண்ணாம்பு

அந்த வீட்டுக்கு அவள் வந்தது மூன்று மாதத்துக்காக. அக்கா அம்மா வீட்டில் பிள்ளை பெற்றுக்கொண்டு புருஷன் வீட்டுக்குத் திரும்பியபோது, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒத்தாசையாக இருக்கட்டும் என்று பதினாலு வயதுத் தங்கையையும் கூடவே அனுப்பிவைத்தார்கள். ஒரு தகரப்பெட்டி, அதில் நாலு துணி, ஒரு சீப்பு, பாதி படித்த பாடப்புத்தகம். திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து படிக்கலாம் என்று பக்கத்தை மடித்து வைத்திருந்தாள். அது நடந்து ஐம்பத்திரண்டு வருஷம் ஆகிறது. அந்த மூன்று மாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

அக்கா பிள்ளைகளுக்கு அவள் சித்தி. அவர்களைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் சித்தி என்றார்கள். பிள்ளைகளைப் பார்த்துப் பெரியவர்கள், அப்புறம் பால்காரர், கடைசியில் போஸ்ட்மேன். தன்னைவிடப் பத்து வயது மூத்த கிழவர்கூட வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "சித்தி, கோழி இந்தப் பக்கம் வந்துச்சா?" என்று கேட்பார். அவளும் கூச்சப்படாமல் பதில் சொல்வாள்.

வீட்டைக் கட்டியவர் அக்காவின் மாமனார். சுண்ணாம்புச் சூளை வைத்திருந்தவர். சூளைக்காரர் என்றால்தான் அவரை யாருக்கும் தெரியும். யாரோ ஒருவருடைய சூளையில் கூலிக்குக் கல் உடைக்க வந்தவர், ஊருக்கு வெளியே மூன்று ஏக்கர் கரடு சும்மா கிடப்பதைப் பார்த்தார். ஆடு மேய்ந்தால் ஆட்டுக்குப் பல் போகும் என்று ஊரே கேலி செய்த நிலம். கால் பட்ட இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கல். மற்றவர்கள் கல் என்று பார்த்ததை அவர் சுண்ணாம்பு என்று பார்த்தார். வாங்கிப்போட்டு, மேலிருந்து தோண்ட ஆரம்பித்தார். தோண்டிய கல்லைச் சுட்டார். சுட்ட சுண்ணாம்பை விற்றார். விற்றது போக மிச்சத்தில் வீட்டைக் கட்டினார். சுவருக்குள் வைத்த கல்லும் அந்த நிலத்துக் கல்தான், பூச்சும் அந்த நிலத்துச் சுண்ணாம்புதான். ஒரு பக்கம் வீடு உயர்ந்தது, மறுபக்கம் நிலம் பள்ளமானது. கடைசியில் பார்த்தால் முன்னால் ஒரு வீடு நின்றது, பின்னால் அதே அளவுக்கு ஒரு பெரிய குழி கிடந்தது. வீட்டைத் தூக்கிக் குழிக்குள் வைத்தால் நிலம் பழையபடி சமமாகிவிடும் என்று சூளைக்காரரே சொல்லிச் சிரிப்பாராம்.

கல் தீர்ந்ததும் சூளை நின்றது. குழியில் மழைத்தண்ணீர் தேங்கியது, வண்டல் படிந்தது. ஒரு ஓரத்தில் கத்தரியும் அவரையும் வந்தன. சூளைக்காரர் அதையெல்லாம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. தன் கடைசிச் சூளைச் சுண்ணாம்பை மட்டும் விற்காமல், கொல்லையில் ஒரு தொட்டி கட்டி, தண்ணீர் விட்டு நீற்றி, மேலே ஒரு முழம் தண்ணீர் நிற்க வைத்து மூடிவிட்டார். தண்ணீருக்குள் கிடக்கும் சுண்ணாம்பு வருஷம் ஆக ஆக வெண்ணெய் மாதிரி ஆகும், கெடாது. "என் பேரன் காலம் வரைக்கும் இந்த வீட்டுக்கு வெள்ளையடிக்க வெளிய போய்க் கையேந்த வேண்டாம்" என்றார்.

வீடு என்றால் ஒரு கூடம், வரிசையாக மூன்று அறை, சமையலறை, அதை ஒட்டிக் கொல்லை மூலையில் சுண்ணாம்புக் கூடைகள் அடுக்கும் ஒரு சின்ன அறை. மூன்று மகன்களுக்கு மூன்று அறை, கணக்கு சரி. ஆனால் நடு அறைக்குத்தான் இரண்டு ஜன்னல். அக்காவின் புருஷனான மூத்தவர் கல்யாணம் ஆனதும் அதில் குடியேறினார். இரண்டாமவருக்குக் கல்யாணம் ஆனதும் அவர் மனைவிக்கும் அந்த அறைமேல்தான் கண். நாலு மாதம் வீட்டில் சாப்பாட்டுத் தட்டுகள் கொஞ்சம் சத்தமாகவே வைக்கப்பட்டன. சூளைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. ஒருநாள் மூன்று மகன்களையும் கூடத்தில் நிற்கவைத்துச் சொன்னார்:

"இங்க பாருங்கடா. சுண்ணாம்பு தொட்டில கெடக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை, முதல் மழைக்கு முன்னாடி, எவன் ஒரு ரூமுக்கு வெள்ளையடிக்கிறானோ அந்த வருஷம் அது அவனோடது. அடிக்காதவன் கூடத்துல படுக்கட்டும். இதுக்கு மேல ரூமைப் பத்தி என் காதுல ஒரு பேச்சு விழக்கூடாது."

அவ்வளவுதான் அந்த வீட்டின் சட்டம். எழுதி வைக்கவில்லை, கையெழுத்து இல்லை. ஆனால் அவர் செத்துப் போன பிறகும் யாரும் அதை மீறவில்லை.

மூத்தவர் பிள்ளை பெற்ற மனைவியைக் கூட்டிவரப் போய் அங்கேயே பதினைந்து நாள் தங்கிவிட்டார். அந்தச் சமயம் பார்த்து வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டாமவர் விடிவதற்குள் நார் மட்டையை எடுத்து நடு அறைக்கு வெள்ளையடித்து முடித்துவிட்டார். அண்ணனும் அண்ணியும் குழந்தையோடும் சித்தியோடும் வந்து இறங்கியபோது அவர்களுடைய கட்டில் பக்கத்து அறையில் கிடந்தது. அக்கா குழந்தைக்குப் பால் கொடுத்தபடி சுவரைப் பார்த்து அழுதாள். இடமில்லாத வீட்டில் சித்திக்குப் படுக்க எங்கே போட்டுக்கொடுப்பது என்று யோசித்து, சுண்ணாம்பு அறையிலிருந்த கூடைகளைக் கொட்டகைக்கு மாற்றி, அங்கே பாயைப் போட்டார்கள். "மூணு மாசத்துக்குத்தானே" என்றாள் இரண்டாமவர் மனைவி.

மூன்று மாதம் போய்ப் பதினோரு மாதம் ஆனது. அக்காவுக்கு உடம்பு தேறவில்லை. அடுத்த வருஷம் வானம் கறுக்கத் தொடங்கிய வாரம், சித்தி நாலு மணிக்கே எழுந்து தொட்டியிலிருந்து ஒரு வாளி சுண்ணாம்பு அள்ளினாள். கரைத்தாள், பழைய வேட்டியில் வடிகட்டினாள், கொஞ்சம் உப்பும் பசையும் போட்டாள். இதையெல்லாம் சூளைக்காரர் செய்யும்போது பார்த்ததோடு சரி. இரண்டாமவரும் மனைவியும் வெளியூர் போயிருந்தார்கள். போன வருஷம் தாங்கள் செய்ததை வேறு யாரும் செய்வார்கள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அவர்கள் வந்து பார்த்தபோது நடு அறை வெள்ளைவெளேரென்று இருந்தது. சித்தியின் முழங்கை வரை தோல் வெந்து சிவந்திருந்தது.

இரண்டாமவர் மனைவி சூளைக்காரரிடம் போனாள். "மாமா, இது நியாயமா? அடிச்சது அவங்க இல்ல, இந்தப் பொண்ணு. அப்படின்னா ரூம் இவளோடதா?"

சூளைக்காரர் எழுந்து போய்ச் சுவரில் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். நல்ல வெள்ளை கையில் ஒட்டாது. அவர் கையில் ஒட்டவில்லை. பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்.

"யாருக்காக அடிச்ச?"

"அக்காவுக்கு."

"அடிக்கிறப்ப அப்படிச் சொல்லிட்டு அடிச்சியா?"

சித்தி ஒரு நிமிஷம் விழித்தாள். பிறகு, "ஆமா, சொல்லிட்டுத்தான் அடிச்சேன்" என்றாள். அது பொய்.

"அப்ப அது அவ அக்காவோடது. பேரைச் சொல்லி அடிச்சா பேருக்குரியவங்களுக்கு. சொல்லாம அடிச்சா அடிச்சவனுக்கு." அவர் திரும்பவும் போய் உட்கார்ந்துகொண்டார். சட்டத்தில் இரண்டாவது விதி அப்படித்தான் சேர்ந்தது.

அந்தப் பொய்யை உண்மையாக்குவதற்காகவோ என்னவோ, அடுத்த வருஷத்திலிருந்து சித்தி மட்டையைச் சுவரில் வைப்பதற்கு முன் வாய்விட்டே சொன்னாள்: "இது அக்காவுக்கு." ஆளில்லாத அறையிலும் சொன்னாள். இரண்டாமவருக்கு டவுனில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு கிளம்பியபோது, போகிற போக்கில், "என் ரூமையும் கொஞ்சம் பாத்துக்க" என்றார். "இது நடு அத்தானுக்கு" என்று அதையும் சேர்த்துக்கொண்டாள். மூன்றாமவர் ரயில்வேயில் கார்டு ஆனார். வாழ்க்கையில் பாதியைப் பச்சைக்கொடியோடும் மீதியை ரயில்வே குவார்ட்டர்ஸிலும் கழித்தார். அவர் மனைவி இந்த வீட்டில் தங்கியது மொத்தமே பதினோரு நாள். ஆனால் அறை இருந்தது, "இது கார்டு அத்தானுக்கு." சூளைக்காரர் போனார், பிறகு மூத்தவர் போனார். அக்கா படுக்கையில் விழுந்து ஏழு வருஷம் கிடந்து போனாள். பிள்ளைகள் படித்து ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். சித்தி தொட்டியின் மூடியைத் திறப்பதும், வெண்ணெய்போல் வருவதை அள்ளுவதும், பெயர்களைச் சொல்வதும் நிற்கவில்லை.

கல்யாணப் பேச்சு வராமல் இல்லை. முதல் வரன் வந்தபோது அக்காவுக்கு இரண்டாவது பிரசவம். அடுத்த வரன் வந்தபோது அக்கா படுக்கையில். மூன்றாவது வரன் வந்தபோது பெண்ணுக்கு முப்பத்தெட்டு, மாப்பிள்ளைக்குப் பல்செட். "அவரு சிரிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, அதோட முடிஞ்சது" என்று சித்தியே கேட்பவர்களிடம் சொல்வாள். அதற்கு மேல் யாரும் கேட்க முடியாதபடி உடனே டீ போட எழுந்துவிடுவாள்.

வெள்ளை பளிச்சென்று தெரியச் சேர்க்கிற நீலம் ஒரு வருஷம் வாளியில் கொஞ்சம் கூடிவிட்டது. ஈரத்தில் தெரியவில்லை, காய்ந்ததும் கூடம் முழுக்க ஆகாயம். அக்கா பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுபடி ஒரு கை அடித்தால் சரியாகிவிடும். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை என்பது சட்டம். அப்போது சூளைக்காரர் உயிரோடு இல்லாவிட்டாலும் யாருக்கும் அந்த யோசனை வரவில்லை. ஒரு வருஷம் முழுவதும் வீடே நீலத்துக்குள் உட்கார்ந்து சாப்பிட்டது. சோறும் கொஞ்சம் நீலமாகத் தெரிந்தது.

இந்த வருஷம் வீட்டை விற்பதென்று முடிவாயிற்று. ஊர் வளர்ந்து வந்து வீட்டு வாசலில் நின்றுவிட்டது. முன்னால் லாரி போகிற ரோடு. குடோன் கட்ட இடம் தேடிய ஒருவர் வீட்டையும் குழியையும் சேர்த்தே கேட்டார். குழியை மண் போட்டு மூடிக்கொள்வாராம். பாகஸ்தர்கள் நாலு பேர்: பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அக்கா மகள், எலக்ட்ரீஷியனான அவள் தம்பி, ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கும் இரண்டாமவரின் மகன், அப்புறம் உயிரோடு இருக்கும் ஒரே மகனான கார்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து வீட்டை ஒருமுறை பார்த்துவிடுவதென்று பேசிக்கொண்டார்கள்.

வந்தவர்களுக்கு வாசலிலேயே சுண்ணாம்பு வாசனை அடித்தது. எலக்ட்ரீஷியன் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"சித்தி, இடிக்கப்போற வீட்டுக்கு யாராச்சும் வெள்ளையடிப்பாங்களா?"

"மழை வரப்போகுதுல்ல?" என்றாள் சித்தி.

"மழை வந்தா வரட்டும். அடுத்த மாசம் வீடே இருக்காது."

"அடுத்த மாசம் இருக்காது. இந்த மாசம் இருக்குல்ல. போ, கை கழுவு, வடை ஆறுது."

அவர்கள் அறை அறையாகப் போனார்கள். நர்ஸ் தன் அம்மா படுத்திருந்த நடு அறையில் கொஞ்ச நேரம் நின்றாள். மாடத்தில் அம்மாவின் மருந்துப் புட்டி இருக்கும். வருஷா வருஷம் சுண்ணாம்பு ஏறி ஏறி அந்த மாடம் இப்போது சுருங்கி, புட்டி என்ன, ஒரு தீப்பெட்டி வைக்கத்தான் இடம் இருந்தது. எலக்ட்ரீஷியன், தான் முதன்முதலாகப் போட்டுப் பழகிய சுவிட்ச் போர்டைத் தேடிக் கண்டுபிடித்தான். மேலே நீட்டிக்கொண்டிருந்த பெட்டி சுவருக்குள் பாதி புதைந்திருந்தது. "சித்தி, என் போர்டை முழுங்கிட்டியே" என்றான். கார்டு தன் அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். குமாஸ்தா மட்டும் எந்த அறையையும் பார்க்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து பத்திரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

சாப்பாடு முடிந்ததும் பேச்சு, வர வேண்டிய இடத்துக்கு வந்தது. சித்தி சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுச் சுவர்கள் தடிமன்தான். ஆனால் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் கதவு கிடையாது.

"சித்திய நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் நர்ஸ். "எனக்கு நைட் டியூட்டி வந்தா வீட்ல ஆள் வேணும்."

"உன் வீட்டுக்கு மூணு மாடி ஏறணும், லிஃப்ட் கிடையாது. சித்தி முட்டிக்கு ஆகுமா? எங்க வீட்ல இருக்கட்டும். ஹால்ல ஒரு கட்டில் போட்டுரலாம்" என்றான் தம்பி.

"ஹால்ல டிவி ஓடிக்கிட்டே இருக்குமேடா."

"சரிக்கா, அப்ப ஆளுக்கு மூணு மாசம்னு வச்சுக்கலாம். எல்லாருக்கும் ஈஸி."

குமாஸ்தா பத்திரத்திலிருந்து தலையைத் தூக்கினான். "நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஹோம் இருக்கு. சுத்தமா வச்சிருக்காங்க. தோட்டமெல்லாம் இருக்கு. சித்திக்கும் பேச்சுத்துணை."

"டேய், அது முதியோர் இல்லம்டா" என்றாள் நர்ஸ்.

"இல்லம்னா என்ன, வீடுதானே?"

 சித்தியை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள், உங்க இஷ்டம் என்றுதான் சொல்லியிருப்பாள். அது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

சித்தி நாலு டம்ளரிலும் டீயை ஊற்றித் தட்டில் வைத்துக் கூடத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். "சர்க்கரை பத்தலைன்னா கேளுங்க" என்றாள். பிறகு கொல்லைப் பக்கம் போனாள். காலையில் கழுவிக் கவிழ்த்திருந்த வாளியை நிமிர்த்தினாள், தொட்டி மூடியைத் தள்ளினாள். உள்ளே அடி தெரிந்தது. வழித்து எடுத்தால் முக்கால் வாளி வரும். எடுத்தாள்.  

முதலில் சத்தம் கேட்டவர் கார்டு. மட்டை சுவரில் ஏறி இறங்கும் சத்தம், அந்த வீட்டில் பிறந்தவர்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

சித்தி சுண்ணாம்பு அறையில் இருந்தாள். பாயைச் சுருட்டி வெளியே வைத்துவிட்டு, தகரப்பெட்டியைத் துணி போட்டு மூடிவிட்டு, மேற்குச் சுவருக்கு அடித்துக்கொண்டிருந்தாள். அந்த அறையின் மற்றச் சுவர்களை அப்போதுதான் அவர்கள் நிஜமாகப் பார்த்தார்கள். சமையலறைப் புகை ஐம்பது வருஷமாக ஏறிய கறுப்பு. அந்தக் கறுப்பில் பாய்க்கு மேலே, தலை சாய்கிற உயரத்தில், வட்டமாக எண்ணெய்க் கறை. வீடு முழுக்க வருஷா வருஷம் வெளுத்தவள் படுக்கிற இடம் இப்படி இருந்தது. சுண்ணாம்பு வைக்கிற அறைக்கு எதற்குச் சுண்ணாம்பு என்று அத்தனை பேரும் நினைத்திருந்தார்கள். அல்லது நினைக்கவே இல்லை.

கார்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வந்தவர்களில் அவருக்கு மட்டும்தான் அந்த வீட்டின் சட்டத்தைச் சொன்னவரின் குரல் காதில் இருந்தது.

"யாருக்கு அடிக்கிற?"

சித்தி திரும்பவில்லை. மட்டை மேலே போனது, கீழே வந்தது.

"பேரு சொல்லக் காணோமே."

"ஆமா" என்றாள் சித்தி.

எலக்ட்ரீஷியன், "என்ன சித்தப்பா, என்ன பேரு?" என்றான். கார்டு அவனுக்கு நாலு வாக்கியத்தில் சொன்னார். அவர்களுக்குத் துண்டு துண்டாகத் தெரிந்த கதைதான். சின்ன வயதில் விளையாட்டாகக் கேட்டது. நர்ஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே போய்ச் சித்தியின் பக்கத்தில் நின்றாள். புடவையில் சுண்ணாம்பு தெறித்ததை அவள் கவனிக்கவில்லை.

"அப்படின்னா இத்தனை வருஷமா இந்த ரூமுக்கு மட்டும் ஏன் சித்தி அடிக்கல?"

"அடிச்சா எனக்குன்னு ஆயிடும்ல" என்றாள் சித்தி. "மூணு மாசத்துக்கு வந்தவ அப்படிப் பண்ணலாமா."

சித்தி மட்டையை வாளியில் தோய்த்தாள்.  எலக்ட்ரீஷியன், "சட்டப்படி இதெல்லாம்…" என்று இழுத்தான். குமாஸ்தா பக்கம் பார்த்தான்.

"சட்டப்படி ஒண்ணும் நிக்காது" என்றான் குமாஸ்தா. "கோர்ட்ல போய்ச் சுண்ணாம்பு அடிச்சேன்னு சொன்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்" என்றார் கார்டு. "நாப்பது வருஷமா என் ரூமுக்கு நான் ஒரு தடவை மட்டையைத் தொட்டதில்ல. என் பேரைச் சொல்லி இவ அடிச்சா. அதனாலதான் இன்னிக்கு வந்து என் ரூம்னு ஒரு இடத்துல உக்கார முடிஞ்சுது. அது நிக்கும்னா இதுவும் நிக்கும். இது நிக்காதுன்னா எனக்கு அந்தப் பத்திரத்துல கையெழுத்துப் போட இஷ்டமில்ல." சித்தியைப் பார்த்து, கோபத்தோடு சொன்னார்: "நீயும் ஒரு முட்டாள். பேரு சொல்லாம அடிச்சிருந்தா முழு வீடும் உன்னோடதா இருந்திருக்கும்."

"அவ்வளவு பெரிய வீட்டை வச்சுக்கிட்டு யாரு பெருக்குறது?" என்றாள் சித்தி. "தள்ளி நில்லுங்க அத்தான், சட்டையில படுது."

வீட்டைக் கடைசியாக ஒருமுறைகூடப் பார்க்காத குமாஸ்தாதான் அப்போது ஒரு காரியம் செய்தான். கூடத்துக்குப் போய்ப் பத்திரத்தோடு இருந்த வரைபடத்தை எடுத்துவந்து, சமையலறைத் தரையில் விரித்து, முட்டிபோட்டு உட்கார்ந்தான். பென்சிலால் கொல்லை மூலையில் ஒரு சதுரம் போட்டான். "குடோன்காரருக்கு லாரி திரும்புற இடம்தான் முக்கியம். அது முன்பக்கம். இந்த மூலை அவருக்கு எதுக்கும் ஆகாது. ரூமும், தொட்டியும், குழிக்கரை வரைக்கும் இந்தத் துண்டும். வழிக்குப் பின்னால சந்து இருக்கு. இதைத் தனியா ஒதுக்கிச் சித்தி பேருக்கு எழுதிட்டு மிச்சத்தைக் கொடுக்கலாம். நான் பேசிக்கிறேன். அவர் முனகுவாரு. முனகட்டும்." கொஞ்சம் தயங்கி, தலையைத் தூக்காமலே, "ஹோம் பத்திச் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க சித்தி" என்றான்.

"நீ நல்லதுக்குத்தான் சொன்ன" என்றாள் சித்தி. "அந்தத் தோட்டத்துல என்ன போட்டிருக்காங்க?"

"தெரியாது சித்தி."

"தெரியாமலா சேக்கப் பாத்த?"

நர்ஸ் முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். அதற்குள் சித்தி நாலாவது சுவருக்குப் போயிருந்தாள்.

வீடு இடிய மூன்று வாரம் ஆயிற்று. ஓடுகளை முதலில் இறக்கினார்கள். பிறகு சுவர். அந்த நாட்களில் சித்தி காலையில் டீயோடு ஒரு கல்மேல் உட்கார்ந்தால் மத்தியானம்தான் எழுந்திருப்பாள். அவள் அழுவாள் என்று பயந்து நர்ஸ் லீவு போட்டு வந்திருந்தாள். சித்தி அழவில்லை. சுண்ணாம்பு ஏடு ஏடாக, சில இடத்தில் விரல் தடிமனுக்கு, பலகை மாதிரி பெயர்ந்து விழுந்தது. அதில் ஒன்றைக் கையில் எடுத்து ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள். மெல்லிய கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக.

"இங்க பாரு. இது நீலம் கூடிப்போன வருஷம்."

நர்ஸுக்கு அந்தக் கோடு தெரிந்தது. வெள்ளைக்கு நடுவில் ஒரு முடி அளவுக்கு நீலம். அவள் எட்டாவது படித்த வருஷம்.

"அதுக்கு அடுத்து ரெண்டு கோடு மொத்தமா இருக்கு பாரு. உங்கம்மா படுத்த புதுசு. டாக்டர் வருவாரு, வீடு பளிச்சுன்னு இருக்கணும்னு கெட்டியா அடிச்சேன். இதுக்கு உள்ள எங்கயோ நான் முதல்ல அடிச்ச வருஷம் இருக்கும். அதுக்கும் உள்ள இருக்கிறது எனக்குத் தெரியாது. அது உங்க நடுச் சித்தப்பா கை."

இடிப்பவர்கள் வந்து கேட்டபோது அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எல்லாம் லாரியில் ஏறிக் குழிக்குள் போனது. குடோன்காரர் வேறு மண் தேடவில்லை. வீட்டையே போட்டுக் குழியை மூடினார். கரையில் சித்தியின் துண்டு மட்டும் மிஞ்சியது. ஒரு தலைமுறை எடுத்த கல் அந்த நிலத்துக்கே திரும்பிப் போனதை அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தாள். "சமமாயிருச்சு" என்று மட்டும் சொன்னாள்.

சுண்ணாம்பு அறை தனியாக நின்றது. அதுவரை இன்னொரு வீட்டின் மூலையாக இருந்தது, இப்போது நாலு பக்கமும் வெயில் படுகிற ஒரு சின்ன வீடு. சமையலறைப் பக்கம் இருந்த வாசலுக்கு நேராக இப்போது குடோன்காரரின் மதில் வந்துவிட்டது. அந்த வாசலை அடைத்துவிட்டு வேறு பக்கம் வைக்கக் கொத்தனார் வந்தார். சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு நாலு சுவரையும் சுற்றி வந்தார்.

"வாசல் எந்தப் பக்கம்மா வைக்கணும்?"

 இந்தக் கேள்வியை யாரும் சித்தியிடம் கேட்டதில்லை. முதலில் குழிக்கரைப் பக்கம் என்றாள், அங்கே அவள் போட்ட அவரைப் பந்தல் தெரியும். கொத்தனார் கோடு போட்டார். பிறகு, மழைச்சாரல் அந்தப் பக்கமிருந்துதான் அடிக்கும் என்று ஞாபகம் வந்து தெற்கே மாற்றச் சொன்னாள். அவர் அங்கேயும் கோடு போட்டார். டீ குடித்துவிட்டு வந்தபோது, "சந்துப் பக்கமே வச்சிருங்க. வர்றவங்க சுத்திக்கிட்டு வரவேணாம்" என்றாள்.

"அம்மா, இதுக்கு மேல மாத்தினா நாலு பக்கமும் வாசலாயிரும்" என்றார் கொத்தனார். "உள்ள சுவர் வேணுமா வேணாமா?"

"இதான் கடைசி. வைங்க."

ரசமட்டத்தை வைத்துச் சாய்வு பார்த்து, பழைய கதவையே எடுத்துப் புது நிலையில் மாட்டினார். மாட்டும்போது தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு நின்றார். சாமான் அறைக் கதவு அது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான் இருந்தது. உள்பக்கம் ஒரு ஆணி அடித்த தடம்கூட இல்லை. "என்னம்மா இது? உள்ள போட்டுக்க ஒண்ணுமே இல்லையே. ராத்திரில எப்படிப் படுப்பீங்க?"

"சாத்திட்டுப் படுப்பேன்."

"இத்தனை வருஷமாவா?"

"கதவைத் தள்ளிக்கிட்டு யாராச்சும் வந்துக்கிட்டே இருப்பாங்க. பால் காய்ச்சணும், புள்ள அழுவுது, உப்பு எங்க இருக்குன்னு. எதுக்குத் தாழ்ப்பாள்?"

கொத்தனார் வெளிப்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றினார். துருவைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, உள்பக்கம் பொருத்தினார். போட்டுப் பார்த்துவிட்டு, சாமான்களைக் கூடையில் அள்ளிக்கொண்டு கிளம்பினார்.

அவர் போனதும் சித்தி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். எடுத்தாள். மறுபடி போட்டாள். சுவரில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள், கையில் ஒட்டவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்தாள். அறைக்குள் சத்தமே இல்லை. அது அவளுக்கு என்னவோபோல் இருந்தது. பயமில்லை, ஆனால் பழக வேண்டும்.

கதவைத் தட்டினார்கள்.

சித்தி எழுந்திருக்கவில்லை. அவசரமாக எழுந்துதான் பழக்கம், கால்கூட நகர்ந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"யாரு?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா, கொத்தனாரு. ரசமட்டத்தை உள்ளயே வச்சுட்டேன்."

"இருங்க, வரேன்" என்றாள் சித்தி. கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள்.